நாள் குறித்த மாப்பிள்ளை

எனக்குக் கலியாணம் பேசத் தொடங்கியபோது வயது இருபத்துநான்கு. கலியாணம் நடந்தபோது முப்பத்துமூன்று. இடையில் வந்த இடங்கள் எல்லாம் என் சாதகத்தைப் பார்த்த கையோடு திரும்பிப் போயின. சாதகத்தில் இருந்தது ஒரே ஒரு குறை. இளவயதிலேயே நான் தாலியை இழப்பேன் என்று எழுதியிருந்தது. வேறு இரண்டு சாத்திரிமாரிடமும் கொண்டுபோய்க் காட்டினோம். அவர்களும் அதையே கொஞ்சம் தன்மையான சொற்களில் சொன்னார்கள். தெரிந்துகொண்டு எந்தத் தாயும் தன் மகனை அப்படியொருத்திக்குக் கொடுக்கமாட்டாள். வந்து போனவர்கள்மீது எனக்குக் கோபம் இருந்ததில்லை.

மட்டக்களப்புக்கு வடக்கே கிரானில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அப்பா காலமாகிவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடும், ஆற்றுக்கு அங்கால் இருந்த மூன்று ஏக்கர் வயலும் பெண்பிள்ளையான எனக்கு. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக நூலகத்தில் எனக்கு வேலையும் இருந்தது. காலையில் பஸ் எடுத்துப் போய்ப் பின்னேரம் திரும்பி வருவேன். எல்லாம் இருந்தும் மாப்பிள்ளை அமையாத வீடு என்று ஊரில் எங்களைச் சொல்வார்கள்.

ஒருநாள் பின்னேரம் கலியாணத் தரகர் வந்தார். வழக்கமாக முற்றத்தில் சைக்கிளை நிறுத்தும்போதே பேசத் தொடங்குகிற மனிதர், அன்று கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்து முடியும்வரை வாய் திறக்கவில்லை.

“ஒரு இடம் இரிக்கி,” என்றார் அம்மாவிடம். “வந்தாறுமூலைப் பொடியன். குடி இல்ல, வெத்தில இல்ல. தண்ணிப் பம்பு, மோட்டர் எல்லாம் திருத்துற வேல. ஆனா ஒரு விசயத்த முதல்லயே சொல்லிப்போடணும்.”

“என்ன, ரெண்டாந்தாரமா?”

“அதில்ல. பொடியனுக்கு ஆயுள் நாப்பத்தஞ்சு. ஆவணி மாசத் தேய்பிறை அட்டமி. சாதகத்தில நாளோட எழுதிக் கிடக்கு.”

அம்மா அடுப்படி வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பொடியனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

அந்தச் சாதகத்தை எழுதியவர்தான் பொடியனின் தகப்பனுக்கும் எழுதியவராம். தகப்பன், எழுதியிருந்த வருடத்தில், எழுதியிருந்த மாதத்தில், வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகனுடைய நாளையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

அம்மா இரண்டு சாதகங்களையும் எடுத்துக்கொண்டு, எங்கள் இரண்டு வீட்டையும் தெரியாத ஒரு சாத்திரியாரிடம் போனார். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, இப்படிப் பொருந்தியதைத் தான் கண்டதில்லை என்றாராம். ஒன்றில் மாப்பிள்ளை போவான் என்று இருந்தது. மற்றதில் பெண் இழப்பாள் என்று இருந்தது. வீட்டுக்கு வந்து அம்மா அதை எனக்கு விளங்கப்படுத்தினார்.

“அவன் எப்பிடியும் போகத்தான் போறான் மகள். உன்ர சாதகத்தாலதான் போனான் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது.”

மாப்பிள்ளை என்னைப் பார்க்கத் தாயோடு வந்தார். பெரியவர்கள் எங்களைப் பேசவிட்டு விறாந்தைக்குப் போனார்கள். அவர் கையில் எண்ணெய்க் கறை போகாமல் இருந்தது. அதை மறைக்கவும் அவர் முயலவில்லை.

“உங்களுக்குச் சொல்லியிருப்பாங்க,” என்றார்.

“ஓம்.”

“ஏழு வருசந்தான். ஒளிச்சுக் கட்டுறதுக்கு எனக்கு விருப்பமில்ல.”

“பயம் இல்லையா?”

“பதினாறு வயசில அம்மா சொன்ன. அப்ப கொஞ்ச நாள் பயந்த. மறுகா பழகிற்று.”

எங்கள் நூலகத்தில் கலியாணமாகி நெடுங்காலமாகியும் புருசனோடு முகம் கொடுத்துப் பேசாத பெண்கள் இருந்தார்கள். ஏழு வருடம் நல்லபடியாகக் கிடைத்தால் அது குறைவில்லை என்று எனக்குப் பட்டது. அவரை எனக்குப் பிடித்தும் இருந்தது. சம்மதம் சொன்னேன்.

கலியாணத்துக்குப் பிறகுதான் அவர் படிப்பை விட்ட கதை தெரிந்தது. தாய் அந்த நாளைச் சொன்ன வருடம், அவர் சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தார். கணிதம் படிக்க மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்திருந்தது. படித்து, வளாகத்துக்குப் போய், வேலை எடுத்து நிமிரும்போது ஆயுளில் பாதிக்கு மேல் போய்விடும், பிறகு எதற்கு என்று தாய்க்குப் பட்டது. அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஏறாவூரில் ஒரு பட்டறையில் வேலை பழகப் போய்விட்டார். இதைச் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் ஏதும் தெரியவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எங்கள் வழக்கப்படி அவர் எங்கள் வீட்டுக்கு வந்து குடியிருந்தார். முற்றத்து மாமரத்தின்கீழ் ஒரு மேசையைப் போட்டுத் தொழிலைத் தொடங்கினார். நாங்கள் சண்டை பிடிக்கவே இல்லை. கோபம் வரும். வந்தவுடன், இருக்கிற காலத்தில் இதற்கெல்லாமா என்று இரண்டு பேருக்கும் தோன்றிவிடும். சாப்பாட்டில் உப்புக் கூடினாலும் அவர் சொல்லமாட்டார். அவர் ஈரத் துவாயைக் கட்டிலில் போட்டாலும் நான் பேசாமல் எடுத்துக் காயப்போடுவேன். எங்களைப் பார்த்தவர்கள் நல்ல சோடி என்றார்கள். அது உண்மைதான். ஆனால் விருந்துக்குப் போன இடத்தில் நடந்துகொள்வதுபோலவே நாங்கள் எங்கள் வீட்டிலும் நடந்துகொண்டோம் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஊருக்கும் அவருடைய நாள் தெரியும். கடையில் வரிசை நின்றால் முன்னால் நிற்பவர் விலகி இடம் கொடுப்பார். ஆற்றில் வலை போடுகிறவர் நல்ல மீனாகப் பார்த்து எங்கள் வேலிப் படலையில் கொழுவிவிட்டுப் போவார். பெண்கள் எனக்குப் பூக் கொண்டுவந்து தருவார்கள். “வைக்கிற காலத்தில வெச்சுக்க புள்ள,” என்பார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவேன், வளாகத்தில் இறங்கியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன்.

பம்பு திருத்தக் கொண்டுவருகிறவர்கள் அதைக் கொடுத்துவிட்டுப் போகாமல் பக்கத்தில் குந்தியிருந்து பேசத் தொடங்கினார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நான் தேத்தண்ணீர் கொண்டுபோனால் நிறுத்திவிடுவார்கள். ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் வந்தார்கள். ஒரு முறை, தெருவில் நல்ல வசதியாக வாழ்கிற ஒரு பெண் பழுதில்லாத பம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார். அவர் போனதும் என்னவென்று கேட்டேன்.

“சொல்லேலாது,” என்றார் இவர். “என்னட்டச் சொன்னா என்னோடயே போயிரும் எண்டுதான் சொல்றாங்க. உன்னட்டச் சொன்னா அது ஊரில இருந்திரும்.”

மூன்றாம் வருடம் சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. முறைவைத்துத்தான் வயலுக்கு விட்டார்கள். வாய்க்காலின் மேல்பக்கம் வயல் வைத்திருந்தவர், தன் முறை முடிந்த பிறகும் வரம்பை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் எடுத்தார் என்று கீழ்வயல்காரர் சத்தம் போட்டார். மேல்வயல்காரர் இல்லை என்றார். வயல்வெளியான வட்டைக்குத் தண்ணீர் பங்கிடுகிறவரை நாங்கள் வட்டவிதானை என்போம். அந்த வருடத்து வட்டவிதானை மேல்வயல்காரரின் மச்சான். அவர் தீர்ப்புச் சொன்னால் கீழ்வயல்காரர் ஏற்கமாட்டார். மண்வெட்டியை ஓங்குமட்டும் போய்விட்டது. அப்போது ஒருவர் சொன்னாராம், “பம்புக்கார மனிசனக் கேப்பம். அவருக்கு இஞ்ச சொந்தமும் இல்ல. சாகப்போற ஆள் பொய் சொல்லவும்மாட்டாரு.”

வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று விடுமுறை நாள், நானும் பின்னால் போனேன். இவர் வாய்க்கால் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடந்தார். மேல்வயல் வரம்பில் புதிதாக அடைத்த மண்ணைக் காலால் தட்டிப் பார்த்தார்.

“வெட்டியிரிக்கி,” என்றார். “உங்கட அடுத்த முறையில பாதிய அவருக்கு விடுங்க.”

மேல்வயல்காரர் ஒரு சொல்லும் பேசாமல் தலையை ஆட்டினார். எனக்கு அது வியப்பாக இருந்தது. அந்த மண்ணை அங்கே நின்ற எல்லோரும் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் விளங்கியும் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல, நாளைக்கு மேல்வயல்காரரின் முகத்தில் முழிக்கத் தேவையில்லாத ஒருவர் வேண்டியிருந்தது.

அடுத்த பெரும்போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் அவரையே வட்டவிதானையாக்கினார்கள். அவருக்கு அதில் ஆசை இருக்கவில்லை. ஆனால் செய்தார், நன்றாகவும் செய்தார். எங்கள் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகத்தான் வரும். சில வருடம் எங்கள் வெள்ளாமை பக்கத்து வயல்களைவிட மஞ்சளாக நிற்கும். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் போன பிறகு ஊர் அவரை நல்லபடியாக நினைத்தால் போதும் என்று நானும் நினைத்தேன்.

நாலாம் வருடம் அம்மா செத்துப்போனார். காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர், தலை சுற்றுகிறது என்று குந்தினார். அவ்வளவுதான். அம்மாவின் சாதகத்தில் எண்பது வயது என்று இருந்தது. நான் எதற்கும் தயாராக இருக்கவில்லை. அவருக்கு உடுத்திவிட ஒரு நல்ல சேலையைக்கூட என்னால் தேடி எடுக்க முடியவில்லை. நாள் குறிக்கப்பட்ட மனிதர் நின்று எல்லாம் பார்த்தார். பந்தல் போட ஆள் பிடித்தார், சுடலைக்கு விறகு ஏற்றினார். முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்கு முடியும்வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதன் பிறகுதான் வீடு பெரிதாகத் தெரியத் தொடங்கியது. பிள்ளை வேண்டாம் என்று கலியாணத்துக்கு முன்பே பேசியிருந்தோம். அப்போது நான் ஒத்துக்கொண்டேன். இப்போது மறுபடியும் கேட்டேன்.

“ரெண்டு மூணு வயசில விட்டுப்போட்டுப் போறதா?” என்றார். “தகப்பன்ட முகம்கூட அதுக்கு ஞாபகம் இராது.”

“எனக்கு ஞாபகம் இரிக்கும். நான் சொல்லி வளப்பன்.”

“நீ தனியக் கிடந்து வளக்கிறத நான் இப்பயே பாத்துக்கொண்டு இரிக்கணும். என்னால ஏலாது.”

அவர் குரலை உயர்த்தவில்லை. நானும் உயர்த்தவில்லை. சண்டை பிடித்திருந்தால் ஒருவேளை நான் வென்றிருப்பேன். நாங்கள்தான் சண்டை பிடிப்பதில்லையே. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது நடந்தது பெற்றோலுக்கு நாடு முழுவதும் வரிசையில் நின்ற வருடம். ஆவணி பிறந்ததும் என் மாமி, அதாவது அவருடைய தாய், துணிப்பையோடு வந்து இறங்கினார். தம்பிமார் இரண்டு பேரும் சைக்கிளில் வந்தார்கள். அவரை மின்சார வேலை செய்யவிடவில்லை. கிணற்றடிக்குத் தனியாகப் போகவிடவில்லை. கச்சான் காற்று வீசி மாமரக் கொப்பு ஆடினால், எழும்பி உள்ளே வரச்சொல்வார்கள். அவர் விறாந்தையில் கதிரையில் இருந்தபடி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவர்கள் எங்கள் வேலி வந்ததும் நடையை மெதுவாக்குவார்கள்.

அட்டமியன்று காலை பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்தோம். மாமி அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார். அவர் மட்டும்தான் சாப்பிட்டார். மத்தியானம் படுத்து நித்திரையாகிவிட்டார். நாங்கள் ஆள்மாறி ஆள்மாறி வாசலில் நின்று அவருடைய நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தோம். எனக்கு அழுகை வரவில்லை. எப்போது முடியும் என்று மட்டும் இருந்தது.

மூன்று மணிபோல ஒருவர் சைக்கிளில் பம்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். வெளியூர்க்காரர், விசயம் தெரியாதவர். வீடு நிறைய ஆட்கள் இருப்பதைக் கண்டு படலையடியில் தயங்கி நின்றார். இவர் எழும்பி வந்தார்.

“கொண்டு வாங்க, பாப்பம்.”

“இண்டைக்கு வேணாம் மகன்,” என்றார் மாமி.

“சும்மா இருந்து சாகிறத விட இது பரவாயில்ல அம்மா.”

மாமரத்தடியில் வைத்துக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். வால்வில் மண் அடைத்திருந்தது. துடைத்துப் பூட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். இரண்டு முறை இழுத்தும் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை புகை கக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியது. பம்புக்காரர் சந்தோசமாகக் கட்டிக்கொண்டு போனார்.

பொழுது பட்டது. தம்பிமாரில் ஒருவர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, அட்டமி கழிந்துவிட்டது என்றார். சந்தோசப்படலாமா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தால் மற்றத் தம்பி, கலியாண வீட்டிலிருந்து புறப்படுகிறவர்போல, “அப்ப நாங்க வெளிக்கிடுறம்,” என்றார்.

அடுத்த நாள் காலை மாமி கிணற்றுக் கட்டில் இருந்தார். மகன் பல் தீட்ட வந்தபோது அவரைப் பார்க்காமல் சொன்னார்.

“உன்னப் படிக்க விட்டிருக்கலாம்.”

“விடுங்க அம்மா.”

“நான்தான் நிப்பாட்டின.”

“விடுங்க எண்டு சொல்றன்.”

மாமி அன்றே தன் வீட்டுக்குப் போய்விட்டார். மகன் தப்பியதற்கு எல்லாக் கோயிலுக்கும் நேர்த்தி வைப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் ஒரு கோயிலுக்கும் போகவில்லை. பிறகு எங்களிடம் வந்த சில தடவையும் மகனோடு நேருக்கு நேர் பேசவில்லை. சொந்தக்காரர் சிலர், பிறந்த நேரம் பிழையாக எழுதப்பட்டிருக்கும், வேறு இடத்தில் கணித்துப் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு மட்டும் இவர் கடுமையாகப் பதில் சொன்னார். “ஒரு நாள வெச்சுக்கொண்டு இருந்தது காணும்.”

ஊரில் முதல் கிழமை எல்லோரும் கைகொடுத்தார்கள். பிறகு மாற்றம் தெரிந்தது. கடையில் விலகி இடம் கொடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது. படலையில் மீன் தொங்குவது நின்றது. எங்களுக்கு அது பெரிதல்ல. ஆனால் மாமரத்தடியில் இருந்து மனம் திறந்து பேசியவர்கள் இப்போது இவரைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போனார்கள். பம்பு பழுதானால் ஏறாவூருக்குக் கொண்டுபோனார்கள். பழுதில்லாத பம்பைக் கொண்டுவந்து அழுத அந்தப் பெண், ஒருநாள் பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இடம் இருந்தும் இருக்காமல் நின்றுகொண்டே வந்தார். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருப்பார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

புரட்டாதியில் ஆரம்பக் கூட்டம் வந்தது. பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மேல்வயல்காரர் எழும்பினார்.

“அண்டைக்கு இவர் சொன்னதுக்கு நான் ஒண்டும் கதைக்கல்ல,” என்றார். “ஏனெண்டா அப்ப இவருக்கு நாள் இரிந்த. இப்ப இவரும் எங்கள மாதிரித்தான். நாளைக்கு இவருக்கும் வயல் வேணும், தண்ணி வேணும். அப்ப எப்பிடி நம்புற?”

நான் பெண்கள் பக்கத்தில் இருந்தேன். யாராவது மறுத்துச் சொல்வார்கள் என்று பார்த்தேன். கீழ்வயல்காரரைக்கூடப் பார்த்தேன். அவர் குனிந்து உடுத்திருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இவர் எழும்பிச் சொன்னார், “அவர் சொல்றது சரிதான். வேற ஆளப் போடுங்க.”

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் கேட்டேன், “ஏன் அப்பிடிச் சொன்ன? நீங்க அதே ஆள்தானே?”

“நான் அதே ஆளா இல்லையா எண்டு எனக்கே தெரியல்ல. அங்க இரிக்கேக்க, இந்தப் போகம் எங்கட வயலுக்கு முதல்ல தண்ணி விட்டா என்ன எண்டு நினைச்சன்.”

பிறகு அவருக்கு எதிலும் மனம் போகவில்லை. நெடுநேரம் படுத்திருப்பார். செய்ய நினைத்ததை எல்லாம் ஆவணிக்கு முன்பே செய்து முடித்திருந்தார். தன் சாமான்களைத் தம்பிமாருக்குப் பிரித்துக் கொடுத்தும் விட்டார். மாரி தொடங்கி அடுப்படிக் கூரை ஒழுகியது. ஏழு வருடமும் அதற்குத் தகரத் துண்டு வைத்து ஒட்டுப் போட்டுத்தான் வந்தார். தன் காலத்துக்கு அது போதும் என்பது அவர் நினைப்பு. இப்போது ஒழுங்காகக் கழற்றி வேயச் சொன்னேன்.

“நாளைக்குப் பாப்பம்,” என்றார். பல நாள் அதையே சொன்னார். ஒருநாள் சோற்றுப் பானைக்குள் தண்ணீர் சொட்டியது. நான் பானையை அவர் படுத்திருந்த கட்டிலடிக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

“நாளைக்கு நாளைக்கு எண்டு எவ்வளவு நாளைக்கு?”

“இப்பதானே எனக்கு நாளை எண்டு ஒண்டு கிடைச்சிரிக்கி,” என்றார் சிரித்துக்கொண்டு.

“உங்களுக்குக் கிடைச்சிது. எனக்கு நாப்பது முடிஞ்சிது. நான் ஒரு பிள்ளையக் கேட்டன். அந்த ஒரு நாளக் காட்டி வேணாம் எண்டீங்க. இப்ப அந்த நாள் எங்க?”

பிறகு நான் என்னவெல்லாம் பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. அவரும் விடவில்லை. ஒத்துக்கொண்டுதானே வந்தாய், ஏழு வருசம் போதும் என்றுதானே வந்தாய் என்றார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த வீட்டில் நாங்கள் சத்தம் போட்டது அதுவே முதல் தடவை. முடிந்த பிறகு அவர் ஏணியை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளேயே கூரைக்கு ஏறினார். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன்.

அடுத்த கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்தியர் நல்ல மனிதர். வயதைப் பற்றி மறைக்காமல் சொன்னார், ஆனாலும் முயன்று பார்க்கலாம் என்றார். ஒரு வருடத்துக்கு மேல் முயன்றோம். நடக்கவில்லை. கடைசித் தடவை திரும்பி வரும்போது தன்னாமுனையில் பஸ் பழுதாகி நின்றது. இறங்கி ஒரு மரத்தடியில் நின்றோம். “இனி வேணாம்,” என்று நான்தான் சொன்னேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த வருடம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார், “நான் போயிருந்தா நீ என்ன செய்திருப்பாய்?”

மழுப்பலாம் என்று பார்த்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். நூலகத் துறையில் மேல்படிப்பு ஒன்று கொழும்பில் இருக்கிறது. பரீட்சை எழுதி இடம் எடுத்தால் ஒரு வருடம் அங்கே தங்கிப் படிக்க வேண்டும். செலவுச் சடங்கு எல்லாம் முடிந்து, ஆண்டுத் திவசமும் கழித்துவிட்டு விண்ணப்பிப்பதாக நினைத்திருந்தேன். கொழும்பு வெள்ளவத்தையில் தங்குவதற்கு ஒரு இடம்கூட விசாரித்து வைத்திருந்தேன்.

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். என்ன பாடம், எத்தனை பேர், கடலுக்குக் கிட்டவா, சாப்பாடு யார் தருவார்கள்.

“அப்ப போ,” என்றார்.

“நீங்க இரிக்கிறீங்களே.”

“நான் இரிக்கன். அதுக்கென்ன?”

அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் கிடைத்தது. அவர்தான் ரயில் ஏற்றிவிட வந்தார். வகுப்பில் என்னைவிட வயது கூடியவர் ஒருவர்தான். தங்கியிருந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு சன்னலும். நான் நினைத்துவைத்திருந்ததும் அப்படியொரு அறைதான். அதில் ஒருத்தி தனியாக, பொட்டில்லாமல், அமைதியாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்த அமைதி எனக்குக் கிடைக்கவில்லை. அவர் நாளுக்கு மூன்று தடவை போன் எடுத்தார். மிளகாய்த்தூள் எங்கே, கரண்ட் பில் எங்கே, பக்கத்து வீட்டு மாடு உள்ளே வந்துவிட்டது. சில நாட்களில் எரிச்சலாக இருக்கும். போனை எடுக்காமல் விட்டுவிடுவேன். அதற்காக அவர் கோபித்துக்கொள்வார். அடுத்த நாள் நான் எடுப்பேன்.

சிறுபோகம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பின்னேரம் நான் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினார். பக்கத்து வயல்காரரோடு வாய்க்காலடியில் சண்டையாம். கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். புது வட்டவிதானை வந்து இரண்டு பேரையும் பேசி அனுப்பினாராம்.

“பிழை ஆரில?” என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் மண்வெட்டியைச் சாத்தி வைக்கும் சத்தம் கேட்டது.

“என்னிலதான்,” என்றார். “முறை முடிஞ்சும் நான் அடைக்கல்ல. ஆனா அவன் கதைச்ச விதம் சரியில்ல.”

பிறகு அவன் என்ன சொன்னான், அதற்குத் தான் என்ன சொன்னேன், அதற்கு அவன் திரும்ப என்ன சொன்னான் என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கட்டிலில் இருந்து சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.